அறுபதாவது ஆள்

பிப்ரவரி 9

அக்கா,

உன் கடுதாசி வந்துச்சு. ஒரு வருஷமா ஒரு வார்த்தை இல்ல, இப்போ திடீர்னு நாலு வரி. அதுலயும் 'எப்படி இருக்கே'ன்னு அரை வரி, மீதி மூணரை வரி கேள்வி. "அன்னிக்கு டெஸ்ட் முடிஞ்சதுக்கு அப்புறம் யாராவது உன்னைக் கூப்பிட்டு ஏதாவது சொன்னாங்களா? நல்லா யோசிச்சு எழுது." போலீஸ் ஸ்டேஷன்ல கூட டீ வாங்கிக் குடுத்துட்டுத்தான் கேப்பாங்க.

அம்மாகிட்ட என் புது நம்பரை வாங்கி போன் பண்ணாம, கடை விலாசத்துக்கு எழுதினியே, அது நல்லது. போன்ல நீ அழுவ, நான் கத்துவேன். காகிதத்துல ரெண்டும் கேக்காது.

யோசிக்க என்ன இருக்கு. போன வருஷத்துக்கு முந்தின வருஷ டிசம்பர். நான் உங்க காலேஜ்ல கணக்கு படிக்கச் சேர்ந்து அஞ்சாவது மாசம். நீ ஓடி வந்து, "டேய், என் ஆராய்ச்சிக்கு அறுபது பேர் வேணும், ஒருத்தன் வரல, நீ வந்து உக்காரு, அரை மணி நேரம்தான்"ன்ன. உங்க சைக்காலஜி டிபார்ட்மெண்ட் மாடில கடைசி ரூம். நீ வெளியவே நின்னுட்ட. உள்ள உன் சிநேகிதி, அந்த ஸ்டாப்வாட்ச், கழுத்துல கடிகாரத்தை மாட்டிக்கிட்டே சாப்பிடுவாளே, அவதான். முதல்ல முப்பது கேள்வி. அப்புறம் ஒரு சீட்டு, என் மார்க்கு எந்த லட்சணத்துல இருக்குன்னு. அப்புறம் ஒரு புதிர். அப்புறம் "நேரமாச்சு, அடுத்த கிளாஸ் வருது"ன்னா. எந்திரிச்சு வந்தேன். அதுக்கப்புறம் யாரும் கூப்பிடல, யாரும் எதுவும் சொல்லல.

போதுமா?

நான் நல்லா இருக்கேன். கண்ணாடிக் கடைல ஜன்னலுக்கு வெட்டறேன், மீன் தொட்டி ஒட்டறேன். மாடில ரூம். விரல்ல எட்டு பிளாஸ்திரி இருந்துச்சு, இப்போ ரெண்டுதான். தொழில் வருதுன்னு அர்த்தம்.

நான் பெட்டியைத் தூக்கிட்டு ஹாஸ்டல் படி இறங்கறப்போ நீ சொன்னது ஞாபகம் இருக்கா? "உனக்கு விடாமுயற்சிங்கறதே கிடையாதுடா. இது என் சப்ஜெக்ட், எனக்குத் தெரியும்." எல்லாம் தெரிஞ்ச ஆளுக்கு இப்போ என்ன சந்தேகம்?


பிப்ரவரி 16

அன்புள்ள தம்பி,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் அதை மேசையில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வந்துதான் பிரித்தேன். எழுதினாயே, அதுவே போதும்.

எனக்கு இது கடைசி செமஸ்டர். அதே அறை, அதே குழாய், இன்னும் சொட்டுகிறது. நூலகத்தில் எங்கள் வகுப்புக்கு என்று ஒரு மூலை இருக்கிறது. புள்ளியியல் தேர்வுக்கு முன்னால் அங்கே போய்த்தான் அழ வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் என்னைப் பிடித்து, "அக்கா, நான் இப்ப என்ன நினைக்கிறேன்னு சொல்லுங்க பாப்போம்" என்கிறார்கள். "கேன்டீன்ல கூட்டமா இருக்குமோன்னு நினைக்கிறே" என்பேன். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

என் ஆய்வு மாணவர் கருத்தரங்குக்குத் தேர்வாகியிருக்கிறது. ஏப்ரல் பத்தாம் தேதி வாசிக்க வேண்டும். அதை வைத்துத்தான் என் ஆய்வு வழிகாட்டி மேடம் மேற்படிப்புக்குச் சிபாரிசுக் கடிதம் தருகிறார். ஏன் சிலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி. அது எங்கே பிடித்த கேள்வி என்று உனக்குத் தெரியும். அம்மா ஒரு வருடம் தலைகூட வாராமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாளே, அப்போது எனக்குப் பதிமூன்று, உனக்குப் பதினொன்று. நீ தண்ணீர் கொண்டுபோய் வைப்பாய். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, என்ன சொன்னால் எழுந்திருப்பாள் என்று யோசிப்பேன். அம்மா தானாக எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும் அந்த யோசனை விடவில்லை. அந்த வார்த்தை ஏதாவது புத்தகத்தில் இருக்கும் என்று நம்பித்தான் உளவியல் எடுத்தேன்.

அந்தச் சோதனை பற்றி. ஒருவகையில், நடைமுறையில் ஒரு சிறு விடுபடல் இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. அந்த மதிப்பெண்ணை நீ பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது அப்படியொன்றும் துல்லியமானது இல்லை.

இன்னொன்று கேட்க வேண்டும். அப்பா ஒரு வருடமாக என்னைப் பார்க்க வரவில்லை. போனில் என் குரல் கேட்டதும் "அம்மாட்ட குடுக்கறேன்" என்கிறார். ஸ்கூல் வேனில் இரண்டு நடை கூடியிருக்கிறது, களைப்பு என்கிறாள் அம்மா. உனக்கு ஏதாவது தெரியுமா?

அக்கா


பிப்ரவரி 20

அக்கா,

'ஒருவகையில்', 'நடைமுறையில்', 'சிறு', 'இருந்திருக்கலாம்', 'தோன்றுகிறது'. ஒரே வரில அஞ்சு வக்கீல் வெச்சிருக்கே. நேரா சொல்லு.

துல்லியம் இல்லன்னா என்ன அர்த்தம்? அந்தச் சீட்டு இன்னும் என்கிட்டதான் இருக்கு. 'உங்கள் இடம்: கடைசிப் பத்து சதவீதம்.' டைப் அடிச்சு, கீழ டிபார்ட்மெண்ட் சீல். பத்து இல்லன்னா என்ன, பன்னெண்டா?

அப்பா பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது.


மார்ச் 2

தம்பி,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்கப்போவதில்லை.

அந்தச் சீட்டு பொய்.

உன் விடைகளை யாரும் திருத்தவே இல்லை. அறுபது சீட்டையும் முன்கூட்டியே அச்சடித்து வைத்திருந்தோம். முப்பதில் 'முதல் பத்து சதவீதம்', முப்பதில் 'கடைசிப் பத்து சதவீதம்'. ஸ்டாப்வாட்ச் குலுக்கி எடுத்துக் கொடுப்பாள். அடுத்து வந்த புதிர், கையை எடுக்காமலும் போன கோட்டிலேயே மறுபடி போகாமலும் வரையச் சொன்ன படம், அதற்கு விடையே கிடையாது. 'நீ மட்டம்' என்று கேட்டவர் எவ்வளவு சீக்கிரம் விட்டுவிடுகிறார், 'நீ கெட்டிக்காரன்' என்று கேட்டவர் எவ்வளவு நேரம் முயல்கிறார், இதுதான் நான் அளந்தது.

இப்படிப் பொய் சொல்லிச் செய்யும் சோதனைக்கு ஒரு விதி உண்டு. கடைசியில் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, உங்களுக்குச் சொன்னது பொய், அந்த மதிப்பெண் உங்களுடையது இல்லை என்று படிவத்தைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். விஷயம் பரவிவிடக் கூடாது என்று, எல்லாரும் முடித்த பிறகு ஒரே வாரத்தில் கூப்பிட்டோம்.

உன்னைக் கூப்பிடவில்லை.

சொந்தக்காரர்களைச் சேர்க்கக் கூடாது என்பது இன்னொரு விதி. மறுநாள் கணக்கு ஒப்படைக்க வேண்டும், ஒரு ஆள் குறைந்தது. உன்னை வேறு பெயரில் எழுதினேன். ஸ்டாப்வாட்ச் உன் எண்ணுக்கு எதிரே நாற்பத்தொரு நிமிடம் என்று குறித்திருந்தாள். மற்றவர்கள் ஏழு, ஒன்பது, பன்னிரண்டு. மட்டம் என்று கேட்டவர்கள் சீக்கிரம் விட்டுவிடுகிறார்கள் என்று என் ஆய்வு அழகாக வந்துகொண்டிருந்தது. உன் ஒரு எண் அதைக் கெடுத்தது. 'இவன் தூங்கியிருப்பான்' என்று சிரித்துக்கொண்டே அதைக் கோடு போட்டு அடித்தேன். காரணம் எழுதும் இடத்தில் 'கவனமின்மை' என்று போட்டேன். கூப்பிட வேண்டியவர்களின் பட்டியலை, உன்னை அடித்த பிறகு மீந்ததிலிருந்து எடுத்தோம்.

அக்காவே சொல்லியிருப்பாள் என்று ஸ்டாப்வாட்ச் நினைத்தாளாம். அவள் சொல்லியிருப்பாள் என்று நானும் நினைத்தேன். இல்லை, இதுவும் பொய். நான் அதைப் பற்றி நினைக்கவே இல்லை.

போன மாதம் கருத்தரங்குக்காகக் கையெழுத்துப் படிவங்களை எண்ணி எடுத்துவரச் சொன்னார் மேடம். ஐம்பத்தொன்பது. ஆய்வில் ஐம்பத்தொன்பது பேர்தான், அதனால் அவருக்குச் சரியாக இருந்தது. எனக்குத்தான் அறுபது என்று தெரியும்.

சீட்டு கொடுத்து ஒன்றரை மாதத்தில் நீ பெட்டியைத் தூக்கினாய். நான் படியில் நின்று அதைச் சொன்னேன்.

என்ன எழுதினாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.


மார்ச் 7

அக்கா,

நான் தூங்கல.

கடைசிப் பத்துன்னு படிச்சதும் காது சூடாயிடுச்சு. சரி, இந்தப் புதிரையாவது போட்டுட்டுத்தான் எந்திரிக்கறதுன்னு உக்காந்தேன். உன் ஸ்டாப்வாட்ச் காகிதத்தைப் புடுங்காத குறை.

இங்க வந்தும் விடல. கண்ணாடி மேல தூசி படிஞ்சிருக்கும், விரலால அந்தப் படத்தைப் போட்டுப் பாப்பேன். "என்னப்பா, வீடு கட்டறியா, பிளான் போடற"ம்பார் முதலாளி. எப்படிப் போட்டாலும் ஒரு கோடு மிஞ்சும். வேற மூலைல ஆரம்பிச்சா வேற கோடு மிஞ்சும். ஒரு வருஷம், அக்கா. உன் கடுதாசி வந்த அன்னிக்குக் காலைல கூட போட்டேன்.

சீட்டுக்கு முன்னாடியும் கிளாஸ்ல புரியாத நாள் எனக்கு இருந்துச்சு. நாளைக்குப் புரியும்னு விட்டுட்டு கேன்டீனுக்குப் போயிடுவேன். சீட்டுக்கு அப்புறம் புரியலன்னா, ஆமா, அதான் சீல் அடிச்சுக் குடுத்துட்டாங்களேன்னு தோணும். புரிஞ்சாலும் தப்பாத்தான் புரிஞ்சிருக்கும்னு தோணும். ஒரு தடவை கேள்விக்கு விடை தெரிஞ்சும் கையைத் தூக்கல. பக்கத்துல இருந்தவன் அதே விடையைச் சொல்லி சபாஷ் வாங்கினான். அன்னிக்குத்தான் போயிடலாம்னு முடிவு பண்ணேன்.

இதை ஏன் உன்கிட்ட அப்போ சொல்லலன்னு கேப்ப. உனக்குத் தெரியும்னு நெனச்சேன். உன் ஆராய்ச்சி, என் மார்க்கு உனக்குத் தெரியாமலா இருக்கும்? படில நின்னு விடாமுயற்சி கிடையாதுன்ன பாரு, அப்போ எனக்குக் கோவமே வரல. இவன் மக்குன்னு தெரிஞ்சுக்கிட்டே, மூடி மறைச்சு, சோம்பேறின்னு திட்டி அனுப்பறா, என்ன மனசுன்னு நெனச்சேன். பஸ்ல ஜன்னல் பக்கம் உக்காந்து உனக்கு நன்றி சொல்லிக்கிட்டு வந்தேன். வெட்கமா இருந்துச்சு, அதான் நம்பரை மாத்தினேன். கோவமெல்லாம் பல மாசம் கழிச்சு வந்தது.

அந்த நன்றியை இப்போ என்ன பண்றது, சொல்லு.

உன் மேடம்கிட்ட போய்ச் சொல்லு. சொல்லிட்டு எழுது. அதுக்கு முன்னாடி எழுதாத.


மார்ச் 19

தம்பி,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். இன்னும் சொல்லவில்லை.

இரண்டு தடவை மேடம் அறைக்குப் போனேன். முதல் தடவை விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார், திரும்பி வந்துவிட்டேன். இரண்டாவது தடவை நான் வாய் திறக்கும் முன், "வா வா, இதைப் படிச்சுப் பாரு, ஏதாவது சேர்க்கணுமா" என்று சிபாரிசுக் கடிதத்தை நீட்டினார். இரண்டாவது பத்தியில், 'இவரது நேர்மை குறிப்பிடத்தக்கது' என்று இருந்தது. "ஒண்ணும் சேர்க்க வேண்டாம் மேடம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். தாழ்வாரத்தில் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் வெகுநேரம் நின்றேன். பின்னால் வந்த ஒருவன் எனக்குத் தாகம் என்று நினைத்துக் குழாயைத் திறந்துவிட்டுப் போனான்.

கருத்தரங்கு முடிந்த மறுநாள் சொல்லிவிடுகிறேன். இன்னும் மூன்று வாரம்தான். ஸ்டாப்வாட்சின் பெயரும் ஆய்வில் இருக்கிறது, அவளையும் யோசிக்க வேண்டும். இதை எழுதும்போதே, நீ படிக்கும்போது எப்படி இருக்கும் என்று தெரிகிறது.

அக்கா


மார்ச் 23

அக்கா,

திட்டத்தான் பேனாவை எடுத்தேன். ஸ்டாப்வாட்சுக்காக யோசிக்கறாளாம். நல்லா நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி நாலு வரி எழுதினேன். எழுதிட்டுப் பாத்தா, இதை எழுத எனக்கு யோக்கியதை இல்ல.

அப்பா பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு எழுதினேன்ல. தெரியும்.

நான் பெட்டியோட வீட்டுக்குப் போனப்போ அப்பா வேனைக் கழுவிக்கிட்டிருந்தார். "என்னடா, லீவா?"ன்னார். "படிப்பு வராதுப்பா"ன்னேன். "யார் சொன்னா?"ன்னார். நானே முடிவு பண்ணேன்னு சொல்லியிருக்கலாம். சொல்றதுக்கு வாய் வரல, வேற ஒரு ஆள் வேணும்போல இருந்துச்சு. "அக்காதான். டெஸ்ட் வெச்சுப் பாத்துட்டா. நீ காலேஜுக்கு லாயக்கில்ல, போய் வேலை தேடுன்னுட்டா"ன்னேன். சீட்டைக் காட்டினேன். ஈரக் கையைச் சட்டைல துடைச்சுக்கிட்டு வாங்கிப் பாத்தார். சீலைத் தடவினார். "தம்பியைக்கூட விடலையா அவ"ன்னார். அவ்வளவுதான். பக்கெட்டை எடுத்து மீதித் தண்ணியை வேன் மேல ஊத்தினார். அன்னிலேர்ந்து உன் பேரை எடுக்கல.

இந்த ஒரு வருஷத்துல வீட்டுக்கு எட்டு தடவை போயிருக்கேன். நீ போன் பண்றப்போ அவர் அம்மாகிட்ட நீட்டறதை என் கண்ணால பாத்திருக்கேன். ஒரு தடவைகூட வாயைத் திறக்கல. எனக்கு வசதியா இருந்துச்சு. பையன் பாதில ஓடி வந்துட்டான்ங்கறதை விட, பொண்ணு கல்நெஞ்சக்காரிங்கறது வீட்ல எனக்கு நல்ல இடம் குடுத்துச்சு. ரெண்டாவது தடவை சோறு போடறப்போ அப்பா என் தட்டைத்தான் முதல்ல பாப்பார்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். அந்தச் சீட்டு இல்லன்னாலும் நான் ஓடியிருப்பேனோ என்னமோ. காலேஜ் எனக்கு முதல் நாள்லேர்ந்தே கழுத்துப் பட்டன் போட்ட மாதிரிதான் இருந்துச்சு. எவ்வளவு சீட்டு, எவ்வளவு நான்னு யாராலயும் பிரிக்க முடியாது, உன் புள்ளியியலாலயும் முடியாது. உன்னை விட்டுடறதுக்காக இதை எழுதல. மொத்தத்தையும் உன் தலைல கட்டறது எனக்கு ரொம்ப சுகமா இருக்கு, அதான் சந்தேகமா இருக்கு.

ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போறேன், அப்பாகிட்ட சொல்ல. நீ சொன்னா நான் சொல்றேன்னு பேரம் இல்ல. நீ சொல்லாட்டியும் சொல்லுவேன்.


ஏப்ரல் 4

தம்பி,

நீ வீட்டுக்குப் போன ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலை மேடத்திடம் சொன்னேன்.

அப்பாவைப் பற்றி நீ எழுதியதைப் படித்துக் கோபம் வந்தது. வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒரு வருடமாக அவர் குரல் விலகும்போதெல்லாம் நான் என்ன தப்பு செய்தேன் என்று தேடிக்கொண்டிருந்தேன். தேடியது கிடைத்துவிட்டது, அதுவும் என் மேசை இழுப்பறையிலேயே.

மேடம் முழுவதையும் கேட்டார். பிறகு, "அந்தப் பையன் இப்ப எங்க?" என்றார்.

"கண்ணாடிக் கடைல வேலை பாக்கறான்."

"எப்படித் தெரியும்?"

"என் தம்பி மேடம்."

அதற்குத்தான் அவர் முகம் மாறியது. "இது தெரிஞ்சு எத்தனை நாளாச்சு?"

"எட்டு வாரம்."

"எட்டு வாரமா என் எதிர்லதான் உக்காந்துட்டிருந்தியா?"

சிபாரிசுக் கடிதத்தைக் கிழிக்கவில்லை. மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். அது இன்னும் மோசமாக இருந்தது. கருத்தரங்கிலிருந்து ஆய்வை விலக்கியாயிற்று. துறைக் குழு விசாரிக்கும். மேற்படிப்பு இந்த வருடம் இல்லை, அடுத்த வருடமும் சந்தேகம். ஸ்டாப்வாட்ச், "என்னையும் சேர்த்து முழுகடிச்சிட்டியேடி" என்று இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்து, பேசாமலே சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

உன்னைச் சேர்த்துத் திரும்பக் கணக்குப் போட்டேன். இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் என்று உறுதியாகச் சொல்ல ஒன்றும் இல்லை. நான் கண்டுபிடித்ததாக நினைத்தது உன்னை அடித்ததால் மட்டுமே வந்தது.

அறுபதாவது ஆளுக்கும் படிவத்தைப் படித்துக் காட்ட வேண்டும் என்று மேடம் சொல்கிறார். தபாலில் அனுப்பக் கூடாது, நேரில், அவர் முன்னால். வரும் சனிக்கிழமைகளில் எது என்றாலும் சரி. நீ வர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. நான் படிக்க வேண்டாம், வேறு யாராவது படிக்கட்டும் என்றாலும் ஏற்பாடு செய்வார். படிவத்தின் கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது: உங்கள் விவரங்களை ஆய்வில் பயன்படுத்தச் சம்மதமா, இல்லையா. மன்னிப்பு கேட்க அதில் இடம் இல்லை. அதை நான் எங்கே கேட்பது என்று தெரியாததால் இங்கே கேட்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 9

அக்கா,

அப்பாகிட்ட சொல்லிட்டேன். வேன்ல டிரைவர் சீட்டுல அவர், பக்கத்துல நான். முதல்ல நம்பல. "அக்காவைக் காப்பாத்தறியா?"ன்னார். உன் மார்ச் ரெண்டாந்தேதி கடுதாசியைக் குடுத்தேன். ரெண்டு தடவை படிச்சார். அப்புறம், "அவ உன்னை ஏமாத்தினா, நீ என்னை ஏமாத்தின, நான் யாரையும் ஏமாத்தாம ஒரு வருஷம் என் பொண்ணுகிட்ட பேசாம இருந்தேன்"ன்னார். திட்டியிருந்தா தேவலை. மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டப்போ என் தட்டைப் பாக்கல.

சனிக்கிழமை வர்றோம். அப்பாவும் வர்றார். உன்கிட்ட மன்னிப்பு கேக்கணும்னு மனசுக்குள்ள ஒத்திகை பாத்துட்டு இருக்கார், அம்மா போன்ல சொன்னா. கேக்க விட்டுடாத. அவர் கேக்க வேண்டியது இல்ல, நான் கேக்க வேண்டியது. மேல ரெண்டு வரி எழுதி அடிச்சிருக்கேன் பாரு, அதுதான். எழுதினா கடைல பில் போடற மாதிரி வருது. நேர்ல வாய் வருதான்னு பாக்கறேன்.

படிவத்தை வேற யாரும் படிக்க வேண்டாம். நீயே படி. அக்காவா படிக்காத, டெஸ்ட் வெச்சவளா படி. உங்களுக்குன்னு போட்டிருந்தா உங்களுக்குன்னே படி, உனக்குன்னு மாத்தாத. ஒரு வரி விடாம. நடுவுல அழுதா முதல்லேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லுவேன்.

என்னைத் திரும்ப ஆராய்ச்சில சேத்துக்கோ. அதுக்கு சம்மதம்னு அங்க வந்தும் எழுதித் தரேன். முடிவு ஒண்ணும் இல்லன்னா, ஒண்ணும் இல்லன்னு எழுது. கவனமின்மைன்னு போட்ட இடத்தை நீயே, என் எதிர்ல, அடி.

நீ கேட்ட மன்னிப்புக்குப் பதில் இன்னும் என்கிட்ட இல்ல. இல்லன்னு சொல்லல, இன்னும் இல்ல. படிச்சுக் காட்டினதுக்குக் கையெழுத்து போடுவேனான்னும் இப்போ கேக்காத. மொதல்ல முழுசா படிச்சு முடி. நான் உக்காந்து கேக்கறேன்.